ஏழு வீட்டில் ஒரு பெயர்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஊரே பார்த்திருக்க நான் கள்ளியானேன்.

சரி... முழுக் கள்ளி அல்ல. அரைக் கள்ளி. புத்தளத்திலிருந்து வந்திருந்த கிளாக்கர் ஏழு கூப்பன் படிவங்களை என் மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றின் அடியிலும் விரலை வைத்துக் காட்டினார்.

"டீச்சர், இந்த ஏழும் நீங்க எழுதினதுதானே?"

என் எழுத்துத்தான். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. இதை இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தரம் சொல்லிவிட்டேன் என்று எண்ணிப் பார்த்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். பரவாயில்லை, இன்னுமொரு தரம் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கும் கைநாட்டு. எனக்கு மட்டும் கையெழுத்து. கன்னியர் மடத்துப் பள்ளியில் தமிழ் எழுத்துக்குப் பரிசு வாங்கிய கை இது!

அந்த அழகான எழுத்துக்குக் கீழே, ஏழு படிவங்களிலும், ஒரு வரி கூடுதலாக இருந்தது. பென்சிலில். ஏழிலும் ஒரே பெயர்.

சந்தியாகு.

வயது மட்டும் வேறு வேறு. ஒரு வீட்டில் முப்பத்தெட்டு. அடுத்த வீட்டில் அறுபது.

எப்படி நடந்தது இது? முதலிலிருந்து சொல்கிறேன்.

யுத்தத்தால் பர்மா அரிசி வருவது நின்றதிலிருந்து எங்கள் கரையில் சோறு விருந்தாளி மாதிரி. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் மரவள்ளிக்கிழங்கு. இனிமேல் தலைக்கு இவ்வளவு என்று கூப்பனுக்குத்தான் அரிசி என்றார்கள். அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு படிவம். வீட்டில் சாப்பிடுகிறவர்கள் யார் யார், என்ன வயது, வீட்டுத் தலைவருக்கு என்ன உறவுமுறை என்று மூன்று நிரல்கள். கீழே தடித்த எழுத்தில் ஒரு விதி: ஒருவர் பெயர் ஒரு வீட்டில் மாத்திரமே எழுதப்பட வேண்டும்.

உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். நீங்கள் எப்படி நிரப்பினீர்களோ தெரியாது. எங்கள் ஊரில் அந்த வேலையை ஊர் அதிகாரி விதானையார் என் தலையில் கட்டிவிட்டார். கட்டியது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மறைப்பானேன்?

சந்தியாகு அண்ணன் யார் என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், தலவிலை அன்னம்மாள் திருநாளுக்குக் கடல் தாண்டி மறுகரையிலிருந்து தோணியில் வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். வந்த இடத்தில் காய்ச்சல். காற்று மாறுவதற்குள் தோணி திரும்ப வேண்டும். கூட வந்தவர்கள் அவரை எங்கள் ஊர் வலைக்கொட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனார்கள். கரையோரம் ஒரு வரிசையாக ஏழு வீடுகள். ஆளுக்கொரு நாள் கஞ்சி கொடுப்பதென்று முறை வைத்துக்கொண்டார்கள்.

காய்ச்சல் போய்விட்டது. முறை போகவில்லை.

நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கஞ்சி சோறாயிற்று. அடுத்த வருஷத் திருநாளுக்கு அவருடைய ஊர்த் தோணி வந்தது. அவர் ஏறவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஏழு வீட்டு வலைக் கிழிசலும் அவர் கையால்தான் பொத்துப்படுகிறது. ஏழு வீட்டுக் கூரைக்கும் அவர்தான் கிடுகு கட்டுகிறார். செவ்வாய் என்றால் திரேசா அக்கா வீட்டில் சாப்பாடு. புதன் என்றால் செபமாலை மாமி வீட்டில். சனி எங்கள் வீட்டில்.

சின்ன வயதில் எனக்கு இன்றைக்கு என்ன கிழமை என்று மறந்து போனால், சந்தியாகு அண்ணன் எந்த வீட்டு வாசலில் கை கழுவுகிறார் என்று எட்டிப் பார்ப்பேன். ஊரில் வேறு கலண்டர் கிடையாது.

படிவங்கள் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அந்தக் கடுதாசியில என் பேரை ஒரு வீட்டிலயும் போட வேணாம்."

ஏன் என்றேன்.

"ஒரு வீட்டில போட்டா எனக்குரிய அரிசி அந்த வீட்டுக்கு. மத்த ஆறு வீடும் பிள்ளைகள்ட வாயிலிருந்து பிடுங்கி எனக்குப் போடணும். நல்லா இருந்த காலத்தில சாப்பிட்டேன். இப்ப ஏலாது."

புத்தளத்து உப்பளத்தில் ஆள் எடுக்கிறார்களாம். அடுத்த கிழமை செவ்வாய் மத்தியானம், கூப்பன் கொண்டுவருகிற வள்ளம் திரும்பிப் போகும்போது அதில் போய்விடுவதாகச் சொன்னார். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"சொன்னா அழுவாங்க. அழுதா நான் நிண்டுடுவன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'போகாதீங்க அண்ணன்' என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினேன். படிவத்தில் அந்த மனிதருக்கு இடமே இல்லை என்பது அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. ஏழு வீட்டில் சாப்பிடுகிற ஒருவரை எந்த வீட்டில் எழுதுவது? தடித்த எழுத்தில் விதி போட்டிருக்கிறதே! அவராகவே ஒதுங்கிக்கொண்டது எனக்கு ஒரு வசதி. மனம் கனத்தது, உண்மை. ஆனால் படிவம் சுத்தமாக வந்தது.

வீடு வீடாகப் போய் எழுதினேன். ஒவ்வொரு வீட்டிலும் பெயர்களைச் சொல்லி முடித்ததும், கடைசியாக ஒரே கேள்வி — சந்தியாகுவைப் போட்டாயா? அவருக்கு வேறு கடுதாசி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பொய்யைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் வீட்டில் அம்மா மட்டும் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஆண்கள் கடலில். அவர்கள் வந்து கைநாட்டுப் போடும்வரை படிவங்கள் இரண்டு நாள் அந்தந்த வீட்டிலேயே கிடந்தன. சனிக்கிழமை விதானையார் சேர்த்தெடுத்து அனுப்பினார்.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வாருங்கள்.

கிளாக்கர் புத்தளத்துச் சோனகர். இளவயது. துருக்கித் தொப்பி, வெள்ளைக் கோட்டு, பையில் ஒரு சிவப்புப் பென்சில். வெற்றிலை வாங்க மறுத்தார். தேத்தண்ணீரும் வேண்டாமென்றார். வள்ளத்தில் வரும்போதே கோபத்தையும் கூட ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒரே ஆள் ஏழு ஊட்டுல இரிக்கிறார் டீச்சர். ஏழு பங்கு அரிசி. இத நான் மேல அனுப்பினா என்ன நடக்கும் தெரியுமா?"

அந்த ஏழு வீட்டுக் கூப்பனையும் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கவேண்டி வரும் என்றார். ஏழு வீட்டுப் பெண்களும் அங்கேதான் நின்றார்கள். கூப்பன் வாங்க வந்தவர்கள். இடுப்பில் பிள்ளைகள்.

பென்சில் வரிகளைப் பார்த்தேன். சாய்ந்த எழுத்து ஒன்று, கோட்டுக்கு மேலே பறக்கிற எழுத்து ஒன்று, அமர்த்தி எழுதிக் கடதாசி கிழிந்த எழுத்து ஒன்று. எல்லாம் என் வகுப்புப் பிள்ளைகள்! நான் எழுதிவிட்டுப் போன பிறகு ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சந்தியாகு இல்லை என்று தெரிந்ததும், எழுதடா, எழுதடி என்று எழுதுவித்திருக்கிறார்கள். ஒரு வீடு செய்தது அடுத்த வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாது.

ஏழாவது படிவத்தைத் திருப்பினேன். எங்கள் வீடு.

அதிலும் இருந்தது. அயல்வீட்டுப் பிள்ளையின் எழுத்து. எழுதத் தெரிந்த மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, அம்மா அயல்வீட்டுக்குப் போயிருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிளாக்கர் கெட்டவர் அல்ல. ஒரு வழி சொன்னார். ஒரு வீட்டைச் சொல்லுங்கள், அந்த வீட்டில் பெயர் இருக்கட்டும், மற்ற ஆறிலும் வெட்டிவிடுகிறேன், விசாரணை வேண்டாம் என்றார். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எவ்வளவு சுலபமான வழி! ஒரு நிமிஷ வேலை.

அரைமணி நேரம் சண்டை நடந்தது.

முதல் கஞ்சி தன்னுடையது, ஆகவே பெயர் தன் வீட்டில்தான் என்றார் திரேசா அக்கா. அந்தக் கஞ்சியில் உப்பே இருக்கவில்லை என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவன் வலைக்கொட்டில் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் என்றது இன்னொரு வீடு. என் கடைக்குட்டிக்கு ஞானத்தந்தையாக நின்றவன் அவன், ஞானஸ்நானத்தை வெட்டுவீர்களா என்று கேட்டது மற்றொரு வீடு. செபமாலை மாமி தன் படிவத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், காற்றில் பறந்துவிடும் என்பது போல.

கிளாக்கருக்குப் பொறுமை போயிற்று.

"ஒரு ஆள்ட அரிசிக்கா இவ்வளவு சண்டை?"

சண்டை சட்டென்று நின்றது. அந்தச் சொல் எல்லோர் முகத்திலும் பட்டதை நான் பார்த்தேன். செபமாலை மாமிதான் வாயைத் திறந்தார். மாமி சாதாரணமாக மெதுவாகக் கதைக்கிறவர் அல்ல. அன்றைக்கு மெதுவாகத்தான் கதைத்தார்.

"ஐயா, அரிசியை வெட்டுங்க. ஏழு வீட்டிலயும் வெட்டுங்க. பேரை மட்டும் வெட்டாதீங்க."

கிளாக்கருக்கு விளங்கவில்லை. "அரிசி இல்லாட்டி அந்தப் பேர் என்னத்துக்கும்மா?"

"இந்தக் கடுதாசியை அரசாங்கம் பத்திரமா வைச்சிருக்கும் எண்டு டீச்சர்தான் சொன்னவ. நாளைக்கு ஆரும் எடுத்துப் பாத்தா, எங்கட வீட்டில அவன் இல்லை எண்டு அதில இருக்கப்படாது."

மற்ற ஆறு பேருடைய தலைகளும் அசைந்தன. இரண்டு நாளாகச் சோறு காணாத வீடும் அதில் ஒன்று என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அது எங்கள் வீடு.

நான் வாசித்த புத்தகங்களில் பெரிய பெரிய கொடைகள் பற்றி இருக்கிறது. இப்படி ஒன்றைப் படித்ததாக ஞாபகமில்லை. அரிசி வேண்டாம், ஆள் எங்கள் ஆள் என்று இருந்தால் போதும்... இவ்வளவையும் கைநாட்டு வைக்கிற ஒரு மனுஷி, ஒரு கிளாக்கரிடம், சண்டைக்கு நடுவில் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைக்கிறார்!

ஆளைக் கொண்டுவாருங்கள், நானே கேட்கிறேன் என்றார் கிளாக்கர். விதானையார் போனார். வெகுநேரம் ஆகவில்லை. சந்தியாகு அண்ணன் வலைக்கொட்டிலில் இருக்கவில்லை. கரையில், கிளாக்கர் வந்த அதே வள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார்.

உள்ளே வந்தார். கையில் ஒரு மூட்டை.

சின்ன மூட்டைதான். ஒரு பாய், ஒரு போர்வை, வலை பின்னுகிற ஊசி. பன்னிரண்டு வருஷம் இருந்த மனிதரிடம் அவ்வளவுதான் இருந்தது. எல்லோரும் அந்த மூட்டையைப் பார்த்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கிளாக்கர் படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவருக்கு வாசித்தார். சட்டப்படி விசாரிக்கிற மாதிரித்தான் தொடங்கினார். திங்கட்கிழமை வீடு — சந்தியாகு, வயது நாற்பது, உறவுமுறை அண்ணன். செவ்வாய்க்கிழமை வீடு — சந்தியாகு, வயது முப்பத்தெட்டு, உறவுமுறை மச்சான். புதன்கிழமை வீட்டுப் படிவத்தை எடுத்தவர் நின்றுவிட்டார். கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

"சந்தியாகு. வயது அறுபது. உறவுமுறை... புதன்கிழமை."

யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. செபமாலை மாமி வீட்டுக்கு அவர் புதன்கிழமைதானே? வேறு எப்படி எழுதுவது? கிளாக்கருக்குத்தான் சிரிப்பு வந்தது. அதோடு கோபமும் போயிற்று. வியாழன், சித்தப்பா. வெள்ளி, மாமா. ஞாயிறு, ஞானத்தந்தை. கடைசியாக எங்கள் வீடு. உறவுமுறை: எங்கட ஆள்.

தன் பெயர் ஏழு தரம் வாசிக்கப்படுவதைச் சந்தியாகு அண்ணன் தலைகுனிந்து கேட்டார். ஒவ்வொரு தரமும் மூட்டையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போயிற்று. புனித சவேரியாரே வந்து கூப்பிட்டிருந்தாலும் அப்படி நின்றிருக்கமாட்டார்.

அம்மாதான் சொன்னார்.

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. திரேசா உலை வைச்சிட்டாள்."

அவ்வளவுதான். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் அழவுமில்லை. சந்தியாகு அண்ணன் மூட்டையை நிலத்தில் வைத்தார். துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார். திரேசா அக்காவைப் பார்த்தார்.

"என்ன கறி?"

"கறியாம் கறி. மரவள்ளிக்கிழங்கும் சம்பலும்தான். வேணுமெண்டா வா."

கிளாக்கர் கதிரையில் சாய்ந்துகொண்டார். தங்கள் வீட்டுக் கந்தூரி விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருவார்களாம். ஒரே பெரிய தட்டு, எல்லோர் கையும் அதில். ஐந்து பேர் வந்துவிட்டாலும், ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை ஒருவரும் கை வைக்கமாட்டார்களாம். "எங்கட உம்மா இங்க இருந்தா எனக்குத்தான் ஏசியிருப்பா" என்றார். அதற்குப் பிறகு தேத்தண்ணீரும் குடித்தார்.

பையிலிருந்து புதிய படிவம் ஒன்று எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் சொல்ல நான் எழுதினேன். வீடு: வலைக்கொட்டில். வீட்டுத் தலைவர்: சந்தியாகு. ஆட்கள்: ஒன்று. இனி அவருடைய அரிசி அவர் கைக்கு வரும். எந்த நாள் எந்த வீட்டு உலையில் போடுவது என்பது அவர் பாடு.

எட்டாவதாக ஒரு வீடு! பன்னிரண்டு வருஷமாக எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. விதியை வாசிக்கத் தெரிந்த என் கண்ணில் அது படவே இல்லை.

ஆனாலும் ஏழு படிவத்திலும் பெயரை வெட்டியாக வேண்டும். அது சட்டம். கிளாக்கர் சிவப்புப் பென்சிலைச் சீவினார். மிக மெல்லிதாக, தலைமயிர் மாதிரி ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் பெயர் பளிச்சென்று தெரிந்தது. செபமாலை மாமியிடம் காட்டினார்.

"வாசிக்க ஏலும்தானே?"

மாமிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. உற்றுப் பார்த்தார்.

"ஓம்," என்றார்.

மத்தியானம் வள்ளம் போயிற்று, கிளாக்கரை மட்டும் ஏற்றிக்கொண்டு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். என்னிடம் எழுதச் சொல்லியிருக்கலாமே, ஏன் அயல்வீட்டுக்குப் போனீங்கள் என்று. கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னார்: "உன்னட்டச் சொன்னா சட்டம் கதைப்பாய். அந்தப் பிள்ளையட்டச் சொன்னா எழுதும்."

இந்தப் பத்தியில் படிப்பின் பெருமையை நான் நிறைய எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன். எழுத்துத் தெரியாத ஊருக்கு ஒரு படிவம் வந்தால் அது இருட்டுத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊர் என்றால் என்ன என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், சனத்தொகை, கோயில், சந்தை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிய விடையை எழுதமாட்டேன். வெட்டச் சொன்னால் எல்லோரும் கையை வைத்து மறைக்கிற ஒரு பெயராவது இருந்தால்... அது ஊர். நமக்கு ஓர் ஊர் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், நம் பெயரை எத்தனை கை மறைக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். நான் யோசித்தேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பிறகு மாமி என்னை டீச்சர் என்று சொன்ன குரல் ஞாபகம் வந்தது. பயம் கொஞ்சம் குறைந்தது.

அடுத்த நாள் வகுப்பில், அரசாங்கக் கடதாசியில் எழுதிய ஏழு பிள்ளைகளையும் எழுப்பி நிறுத்தினேன். பிரம்பு வரப்போகிறது என்று ஏழும் கையை நீட்டின. எழுத்தைக் கோட்டில் வைத்து எழுதப் பழகுங்கள் என்று மட்டும் சொல்லி உட்காரவைத்தேன்.

உறவுமுறை என்ற இடத்தில் 'புதன்கிழமை' என்று எழுதிய பிள்ளைக்கு மட்டும் நூற்றுக்கு நூறு போட்டேன் — எந்தப் பாடத்துக்கு என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.